பூங்கொடிகளில் இலைப்புள்ளி: கேள்வி பதில்

மழை பிடித்து மூன்று வாரம் ஆகிறது. வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ரகம்: "இலையில புள்ளி விழுது, என்ன அடிக்கலாம்?" கோவைப் பக்கம் இருபது வருடத்துக்கும் மேலாக நாற்றுப் பண்ணை வைத்திருப்பவள் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முதலிலேயே ஒன்று: விழுந்த புள்ளி எந்த மருந்துக்கும் மறையாது. அந்த இடத்தில் இலை செத்துவிட்டது. நாம் காப்பாற்றப் பார்ப்பது அடுத்து வரப்போகும் இலையை. இதை மனதில் வைத்துக்கொண்டால் "அடிச்சும் போகலையே" என்று வாரம் இரண்டு முறை மருந்தடிக்க மாட்டீர்கள்.

அக்கா, மாடியில் குண்டுமல்லி மூன்று தொட்டி வைத்திருக்கிறேன். அடி இலைகளில் பழுப்புப் புள்ளி வந்து, மஞ்சளாகி உதிர்கிறது. இப்போது நடு இலைக்கும் ஏறிவிட்டது. தினமும் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து குழாயால் நன்றாகக் குளிப்பாட்டுகிறேன். சத்துக் குறைவா? (தாம்பரம்)

சத்துக் குறைவு இல்லை, அந்தக் குளிப்பாட்டல்தான் காரணம். மல்லிகையில் இப்படிப் புள்ளி போடுபவை பெரும்பாலும் செர்கோஸ்போரா, ஆல்டர்னேரியா என்ற இரண்டு பூஞ்சாணங்கள். இவற்றின் வித்துகள் காற்றிலும் மண்ணிலும் உதிர்ந்த சருகிலும் எப்போதும் கிடக்கும். அவை முளைத்து இலைக்குள் நுழைய வேண்டுமானால் இலை பல மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருக்க வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு நனைத்த இலை விடிந்து வெயில் வரும்வரை காயாது. அதாவது தினமும் பாய் போட்டு அழைக்கிறீர்கள்.

அடி இலையில் ஆரம்பித்து மேலே ஏறுவதற்கும் தண்ணீர்தான் காரணம். குழாய்த் தண்ணீர் மண்ணில் அடித்துத் தெறிக்கும்போது வித்தும் சேர்ந்து தெறிக்கிறது. காலையில் வேரில் மட்டும் ஊற்றுங்கள். தொட்டி மண்ணின்மேல் ஒரு அங்குலத்துக்குத் தேங்காய் மட்டையோ காய்ந்த வைக்கோலோ பரப்புங்கள். மூன்று தொட்டியையும் ஒட்டி வைத்திருந்தால் ஒரு முழமாவது தள்ளி வையுங்கள். புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளி, கீழே கிடப்பதையும் பொறுக்கி எடுங்கள். ஆனால் ஒரே நாளில் மொட்டையடிக்க வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு இலைக்கு மேல் ஒரு தடவையில் எடுத்தால் செடி திணறும்.

இதெல்லாம் செய்தும் புது இலையில் புள்ளி வந்தால் மட்டும் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற செம்பு மருந்து, லிட்டருக்கு 2.5 கிராம். இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும்.

காகிதப்பூவில் செம்பழுப்புப் புள்ளி, சுற்றிலும் மஞ்சள் வளையம். உரக்கடையில் கொடுத்த பூஞ்சாண மருந்தை மூன்று தடவை அடித்தாயிற்று. ஒரு மாற்றமும் இல்லை. துளிர் இலை சுருண்டு வேறு போகிறது. (நாகர்கோவில்)

மூன்று தடவைக்கும் கேட்கவில்லை என்றால் பூஞ்சாணம் அல்லாமல் பாக்டீரியாவாக இருக்கலாம். காகிதப்பூவுக்கு இரண்டு விதமான புள்ளியும் வரும். துளிர் கோணிப்போவது பாக்டீரியாவையே கைகாட்டுகிறது. உறுதியாகச் சொல்ல வீட்டிலேயே இரண்டு சோதனை செய்யலாம்.

புதிதாக வந்த புள்ளி உள்ள இலையை எடுங்கள். புள்ளியின் ஓரம் பாதியாக வெட்டுப்படுமாறு பிளேடால் நறுக்கி, கண்ணாடித் டம்ளரில் தெளிந்த தண்ணீரில் போட்டு, பின்னால் கறுப்புத் துணி பிடித்துப் பாருங்கள். சில நிமிடத்தில் வெட்டிய ஓரத்திலிருந்து பால் புகை மாதிரி கசிந்தால் பாக்டீரியா. இன்னொரு இலையை ஈரமான டிஷ்யூ பேப்பரோடு பிளாஸ்டிக் பையில் கட்டி, நிழலில் ஒன்றிரண்டு நாள் வையுங்கள். புள்ளியின்மேல் சாம்பல் பூத்த மாதிரி பஞ்சு வந்தால் பூஞ்சாணம். பார்த்துவிட்டு எழுதுங்கள், அதுவரை எதையும் அடிக்க வேண்டாம்.

ஐந்து வருட மதுமாலதிக் கொடி, கேட் வளைவு முழுக்கப் படர்ந்திருக்கிறது. உள்பக்க முதிர் இலைகளில் அங்கங்கே புள்ளி. பூ நன்றாகத்தான் பூக்கிறது. மருந்து வேண்டுமா? (மதுரை)

வேண்டாம். அவ்வளவு பெரிய கொடி சில இலைகளை இழப்பதைக் கண்டுகொள்ளாது. மழை விட்டதும் உள்ளே அடைந்திருக்கும் குச்சிகளைக் கவாத்து செய்து காற்று புக விடுங்கள்.

மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) சுண்ணாம்பும் கலந்து அப்பா தோட்டத்துக்கு அடிப்பார். அளவு யாருக்கும் நினைவில்லை. ஒரு லிட்டருக்கு எப்படிக் கலப்பது? (தேனி)

ஆஹா, போர்டோ கலவை! 1880களில் பிரான்சின் போர்டோ பக்கம் சாலையோரத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறிக்காமல் இருக்க, தோட்டக்காரர்கள் இந்த நீலக் கலவையைப் பூசி வைத்தார்களாம். பூசிய கொடியில் மட்டும், இலையின் அடியில் பூஞ்சாணம் பூக்கிற அடிச்சாம்பல் நோய் இல்லாததைக் கண்ட மில்லார்டே என்ற பேராசிரியர், சோதித்துப் பார்த்து 1885-இல் வெளியிட்டார். திருடனுக்கு வைத்த மருந்து நோய்க்கு ஆயிற்று.

ஒரு லிட்டருக்கு மயில்துத்தம் 10 கிராம், நீறாத சுட்ட சுண்ணாம்பு 10 கிராம். துத்தத்தைப் பொடித்து அரை லிட்டர் தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள். சுண்ணாம்பை வேறு வாளியில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து நீற்றி, அரை லிட்டராக்கி வடிகட்டுங்கள். சுண்ணாம்பு கொதிக்கும், குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள். அப்புறம் துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் மெதுவாக ஊற்றிக்கொண்டே கலக்குங்கள். இரும்புப் பாத்திரம், இரும்புக் கரண்டி கூடாது.

கலந்ததும் தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்பு ஆணியை ஒரு நிமிடம் முக்கிப் பாருங்கள். ஆணியில் செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிஞ்சி நிற்கிறது, அப்படியே அடித்தால் இலை கருகும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பால் சேர்த்து, படியாத வரை சரி பார்க்க வேண்டும். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். தொட்டிச் செடியின் இளந்துளிருக்கு இரண்டையும் 5 கிராமாகக் குறைத்துக்கொள்வது என் வழக்கம். ஒரு தடவை ஆணியைப் பார்க்கச் சோம்பல்பட்டு ஒரு வரிசை முல்லை நாற்றைக் கருக்கியிருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நீலச் சங்குப்பூ இலையில் புள்ளி. பூவை டீ போட்டுக் குடிக்கிறோம். எதை அடித்தால் பயமில்லை? (புதுச்சேரி)

எதையும் அடிக்காதீர்கள். வாயில் போகிற பூவுக்கு உரக்கடைப் பொட்டலம் வேண்டவே வேண்டாம். புள்ளி இலைகளைக் கிள்ளிப் போடுங்கள். மோசமாகிவிட்டால் நல்ல நெற்றிலிருந்து விதை எடுத்து, ராத்திரி ஊறவைத்து வேறு இடத்தில் ஊன்றுங்கள். இரண்டு மாதத்தில் மறுபடி பூத்துவிடும். இவ்வளவு சுலபமாக வருகிற செடிக்கு எதற்கு வைத்தியம்?

கார்பென்டாசிம், மான்கோசெப் என்ற இரண்டு பூஞ்சாண மருந்தும் சேர்ந்த பொட்டலம் எல்லாவற்றுக்கும் கேட்கும் என்கிறார்கள். மாதாமாதம் முன்கூட்டியே அடித்து வைக்கலாமா? (சேலம்)

கேட்கும்தான், ஆனால் மாதாமாதம் வேண்டாம். கார்பென்டாசிம் பூஞ்சாணத்தை ஒரே ஒரு இடத்தில்தான் தாக்குகிறது. திரும்பத் திரும்ப அடித்தால் அதற்குப் பழகிய பூஞ்சாணம் மட்டும் மிஞ்சிப் பெருகும். மான்கோசெப்புக்கு அந்தச் சிக்கல் குறைவு, அது பல இடத்தில் அடிக்கும். ஆனால் உடல்நலக் காரணங்களுக்காக அதன் அனுமதியை 2020-இல் ஐரோப்பிய ஒன்றியம் புதுப்பிக்கவில்லை. தலையில் வைக்கிற பூ, குழந்தைகள் ஓடியாடும் மாடி என்றால் அது எனக்குக் கடைசிப் படி. அப்படியே அடிக்க நேர்ந்தாலும் பொட்டலத்தில் உள்ள அளவைத் தாண்டாதீர்கள், முகக்கவசமும் கையுறையும் போடுங்கள், அந்தச் சுற்று மொட்டைப் பறித்து எறிந்துவிடுங்கள்.

முன்கூட்டியே ஏதாவது செய்யத்தான் வேண்டுமென்றால் சூடோமோனாஸ் தூள், லிட்டருக்கு 10 கிராம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சாயங்காலம் தெளிக்கலாம். அது உயிருள்ள பாக்டீரியா, செம்பு மருந்து அதையும் கொன்றுவிடும். இரண்டையும் கலக்காதீர்கள், நடுவில் பத்துப் பதினைந்து நாளாவது விடுங்கள். வாங்கும்போது தயாரித்த தேதியைப் பாருங்கள், பழைய பாக்கெட்டில் வெறும் மாவுதான் இருக்கும்.

புளித்த மோர் தெளித்தால் போகும் என்று மாமியார் சொல்கிறார். உண்மையா? (கும்பகோணம்)

மாமியாரை முழுக்கத் தள்ளிவிட முடியாது. இலைமேல் வெள்ளை மாவு படிகிற சாம்பல் நோய்க்குப் பாலும் மோரும் ஓரளவு கேட்கும். புள்ளி நோய் இலைக்குள்ளேயே இருப்பது, அதற்கு மோர் போதாது என்பது என் அனுபவம். மோர் தெளித்த மறுநாள் எறும்பு வந்தால் என்னிடம் சண்டைக்கு வரக் கூடாது.

ஜாதிமல்லியில் இலை முழுக்கப் பொடிப்பொடியாக வெளிர் புள்ளி. மார்ச் மாதத்திலிருந்தே இருக்கிறது. மழைக்கு முன்னாலேயே வந்துவிட்டதே? (திருநெல்வேலி)

வெயிலில் வந்த பொடிப்புள்ளி என்றால் இலைப்புள்ளி நோயே இல்லை, இலைச் சாற்றை உறிஞ்சும் பொடி உயிரான செஞ்சிலந்தியாக இருக்கும். இலைக்கு அடியில் வெள்ளைக் காகிதம் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த துகள் நகர்ந்தால் சிலந்திதான். அதற்கு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கிற கந்தகத் தூள்) லிட்டருக்கு 2 கிராம், உச்சி வெயிலில் மட்டும் அடிக்காதீர்கள். துளிர் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச் சத்துக் குறைவு, அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் தெளியுங்கள்.

கவாத்து செய்யும்போதே நோயை ஒழிக்க முடியுமா அக்கா? எப்போது வெட்டுவது? (திண்டுக்கல்)

நல்ல கேள்வி. குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி, முல்லைக்கும் ஜாதிமல்லிக்கும் ஜனவரி கடைசி. குண்டுமல்லியைத் தரையிலிருந்து அரை மீட்டர் விட்டு வெட்டி, இலைகளையும் உருவிவிடுங்கள். வெட்டிய அன்றே காப்பர் ஒரு தடவை. ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகுமுன் கத்தரியைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் துடையுங்கள். வெட்டிய குப்பையை வீட்டு உரக்குழியில் போடாதீர்கள். சின்னக் குழி வித்து சாகிற அளவுக்குச் சூடேறாது, அடுத்த வருடம் உரமாகவே திரும்பி வரும்.

அக்கா, காகிதப்பூ கேட்டிருந்தேனே, நாகர்கோவில். டம்ளரில் பால் மாதிரி கசிந்தது, நன்றாகவே தெரிந்தது. பையில் வைத்த இலையில் பஞ்சு எதுவும் இல்லை. (நாகர்கோவில்)

பாக்டீரியாதான். அந்தப் பூஞ்சாண மருந்தை நிறுத்துங்கள். நல்ல வெயில் நாளாகப் பார்த்து, செடி காய்ந்திருக்கும்போது, புள்ளி உள்ள துளிர்களைக் குச்சியோடு ஒரு சாண் கீழே வெட்டிவிடுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியைத் துடைக்க வேண்டும். அப்புறம் காப்பர் ஆக்சிகுளோரைடு 2.5 கிராம், பத்து நாள் இடைவெளியில் இரண்டு தடவை. இது பரவாமல் நிறுத்தும், அவ்வளவே. தொட்டி என்றால் மழை படாத தாழ்வாரத்துக்கு நகர்த்துங்கள், காகிதப்பூவுக்குத் தண்ணீர் குறைந்தால் கோபம் வராது, உண்மையில் நன்றாகப் பூக்கும். அந்தச் செடியிலிருந்து பதியன் குச்சி யாராவது கேட்டால் இந்த வருடம் கொடுக்காதீர்கள்.