பீனிக்ஸிலிருந்து ஒரு பகல்

கேள்வி: அரிசோனாவில் மகன் வீட்டில் இருக்கிறோம். பழங்காலக் குடியிருப்பும் ஏரியும் ஒரே நாளில் பார்க்க முடியுமா?

பதில்: தாராளமாக. காலையிலேயே கிளம்பி டோன்டோ தேசிய நினைவிடம் (Tonto National Monument) போங்கள். 1300களில் சலாடோ என்ற பழங்குடி மக்கள் மலைக்குகைக்குள் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய வீடுகள். சுவர்ப் பூச்சில் அவர்கள் விரல் பதிந்த தடம் இன்னும் தெரியும். நான் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். கீழ்க்குடியிருப்புக்கு அரை மைல் நடை, சுமார் 350 அடி உயரம் ஏற வேண்டும். முட்டிவலி இருந்தால் அடிவாரத்திலிருந்தே பார்க்கலாம். தண்ணீர் கட்டாயம். கோடையில் மட்டும் போகவே வேண்டாம். அப்புறம் ரூஸ்வெல்ட் ஏரி, 1911இல் கட்டி முடிந்த அணையின் நீர்த்தேக்கம். புளியோதரையை அங்கே பிரியுங்கள்.