கை டிரில்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மார்த்தாண்டம் வாசகர்: பழைய வெட்டுக்கல் சுவரில் அலமாரி மாட்டத் துளையிட்டால், துளை அகன்று வால் பிளக் (திருகைப் பிடிக்கச் சுவருக்குள் செருகும் குழல்) கழன்றுவிடுகிறது. துளைக்கும் பிட்டில் குறையா?

பிட்டில் குறையில்லை. வெட்டுக்கல் கான்கிரீட்டைவிட மிருதுவானது, ஊடே சிறு பொந்துகளும் உடையது என்பதால், ஹேமரை (அடித்தபடி துளைக்கும் முறையை) இயக்கித் துளைத்தால் விளிம்பு உதிர்ந்து துளை பெரிதாகிவிடும். ஹேமரை அணைத்துவிட்டு, குறைந்த வேகத்தில், முதலில் 6 மி.மீ. பிட்டால் வழி போட்டு, அதன்பின் பிளக்கின் அளவுக்கேற்ற பிட்டைப் பயன்படுத்துங்கள். பிளக் நீளமானதாக இருக்கட்டும். குட்டையான பிளக் மேல்பூச்சை மட்டுமே பிடித்துக்கொண்டு நிற்கும், பாரம் ஏறியதும் பூச்சோடு பெயர்ந்துவரும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் துளையிட வேண்டாம். வயர் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் செல்லும்.

நாகர்கோவில் வாசகர்: கான்கிரீட் கூரையில் துளைக்கும்போது கம்பியில் சிக்கி, டிரில் என் மணிக்கட்டை முறுக்கிவிட்டது.

பிட் நின்றுவிட்டாலும் மோட்டார் நிற்பதில்லை. அதன் திருப்பு விசை முழுவதும் கைக்கு வருகிறது. பக்கவாட்டுக் கைப்பிடியைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவைப்பது நம்மிடையே பரவலான பழக்கம். அதை மாட்டி, இரு கைகளாலும் பிடியுங்கள். டிரில்லின் சுவிட்சை அழுத்திய நிலையில் பூட்டிவைக்காதீர்கள். பூட்டினால், சிக்கிய நொடியில் விரலை எடுத்தும் பயனிருக்காது. சிக்கிய பிட்டை எதிர்ச்சுழற்சியில் வெளியே எடுத்து, கம்பியோடு மல்லுக்கட்டாமல் துளையின் இடத்தைச் சற்று மாற்றிக்கொள்ளுங்கள். தலைக்கு மேல் துளைக்கும்போது பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

குளச்சல் வாசகர்: கடற்காற்றில் சக் (பிட்டைப் பிடிக்கும் பகுதி) துருப்பிடித்து இறுகிவிட்டது. டிரில்லின் பிளக்கில் இரண்டு பின்களே உள்ளன. எர்த் கொடுக்க வேண்டுமா?

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சக்கின் தாடைகளில் சில துளி மெல்லிய எண்ணெய் விட்டு, பலமுறை திறந்து மூடுங்கள். வேலை முடிந்ததும் துடைத்து, மூடிய பெட்டியில் வையுங்கள். கருவியின் மீது சதுரத்துக்குள் சதுரம் பொறித்திருந்தால் அது இரட்டைக் காப்பு உடையது, எர்த் தேவையில்லை. ஆனால் அந்தக் காப்பு நனைந்த கைக்கும் ஈரத் தரைக்கும் பொருந்தாது. இரு பருவமழையும் பெய்யும் நம் குமரி மாவட்டத்தில், முற்றத்து வேலையைச் சாரல் விட்ட பிறகே தொடங்க வேண்டும். வீட்டு இணைப்பில், மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருப்பதும் அவசியம். வெடித்த கேபிளுக்கு டேப் சுற்றுவது பழுதுபார்ப்பு ஆகாது, கேபிளையே மாற்றுங்கள்.

தக்கலை வாசகர்: துணிக் கையுறை அணியலாமா?

வேண்டாம். சுழலும் பிட் துணியைப் பற்றினால் விரலையும் சேர்த்தே இழுக்கும். தோளில் கிடக்கும் துவர்த்தையும் எடுத்து வைத்துவிடுங்கள்.