அஞ்சு வட்டி என்றால் ஆண்டுக்கு எவ்வளவு?

இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர அரசு மேல்நிலைப் பள்ளிகளில் பொருளியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பள்ளியில் பணக் கணக்கை எப்படிச் சொல்லித் தருவது என்று பலர் கேட்டிருந்தீர்கள். சிலருக்கு இங்கே பதில்.

மண்டபம், ஆசிரியை: பத்தாம் வகுப்பில் மொத்த உள்நாட்டு உற்பத்தி நடத்தினால் பாதிப் பேர் தூங்குகிறார்கள். எங்கே தொடங்குவது சார்?

வட்டியில் தொடங்குங்கள் டீச்சர். 'அஞ்சு வட்டி' என்ற சொல் காதில் விழாத பிள்ளை நம் கரையில் இல்லை. அது நூற்றுக்கு மாதம் 5 ரூபாய், ஆண்டுக்கு 60 சதவீதம் என்று கரும்பலகையில் எழுதுங்கள், தூக்கம் போய்விடும். வங்கி 'பத்து' என்பது ஆண்டுக்கு. வட்டிக்காரர் 'அஞ்சு' என்பது மாதத்துக்கு. பத்தைவிட அஞ்சு சின்னதுதானே என்று பையன் மட்டுமா, அவன் அப்பாவும் நினைத்திருப்பார்.

மறுநாள் தண்டல். 10,000 கடன் என்று சொல்லி 1,500ஐப் பிடித்துக்கொண்டு கையில் 8,500 தருவார்கள். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 1,500 தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டுகிறோம். சராசரியாகப் பாதிப் பணம்தான், அதுவும் மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான், நம் கையில் இருக்கிறது. ஆண்டுக் கணக்கில் போட்டால் 100 சதவீதத்தைத் தாண்டும். ஒரு பீரியடு முழுக்க இதற்கே கொடுக்கலாம்.

ஒன்று மட்டும் வேண்டாம்: "உன் வீட்டில் எவ்வளவு கடன்?" என்று கேட்காதீர்கள். நான் ஒருமுறை கேட்டேன். அந்தப் பெண் இரண்டு நாள் பள்ளிக்கே வரவில்லை.

பாம்பன், நாட்டுப்படகு வைத்திருப்பவர்: வியாபாரி எனக்கு வட்டியே இல்லாமல் முன்பணம் தருகிறார். அதையும் கடன் என்று பிள்ளைக்குச் சொல்வீர்களா?

சொல்வேன் அண்ணே. முன்பணம் 1 லட்சம் என்று வையுங்கள். மீனை அவரிடமே போட வேண்டும், வெளி விலையைவிடக் கிலோவுக்கு 20 ரூபாய் குறைத்து. நாளுக்கு 30 கிலோ, மாதம் 15 நாள் பாடு (கிடைக்கும் மீன்) என்றால் மாதம் 9,000 ரூபாய் போகிறது. வட்டி என்று பெயர் இல்லையே தவிர, அது ஒன்பது வட்டி. அசலும் அப்படியே நிற்கிறது. அதற்காக வியாபாரி கெட்டவர் என்று நான் வகுப்பில் சொன்னதில்லை. இன்ஜின் பழுதான ராத்திரியில் எந்த வங்கி கதவைத் திறக்கிறது? வாங்குகிறவர் அதன் விலை தெரிந்து வாங்கட்டும்.

தங்கச்சிமடம், ஒரு தாய்: மாதா மாதம் சேமிக்கச் சொன்னார்கள் என்கிறாள் மகள். விசைப்படகுக்குக் கூலிக்குப் போகிற வீட்டில் மாதச் சம்பளம் ஏது ஐயா?

நியாயம்தான் அம்மா. அது சம்பளக்காரருக்கான அறிவுரை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வரும் என்பது முன்கூட்டியே தெரியும். அந்த 61 நாளுக்கு வீட்டுச் செலவு எவ்வளவு, அதில் 8,000 ரூபாய் நிவாரணம் போக மீதி எவ்வளவு, அதை நல்ல பாடு கிடைக்கிற நாள்களில் எப்படிப் பிரிப்பது என்று மகளையே பின்னாலிருந்து கணக்குப் போடச் சொல்லுங்கள். மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் நாம் 1,500 கட்டினால் அரசு 3,000 சேர்த்து 4,500 ஆகத் திரும்புகிறது. அந்தத் தவணையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கீழக்கரை, ஒரு தந்தை: நாங்கள் வட்டி வாங்குவதுமில்லை, கொடுப்பதுமில்லை. எங்கள் பிள்ளைக்கு இந்தப் பாடம் எதற்கு?

ஒதுங்குவதற்கும் அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிய வேண்டுமே பாய். 'வட்டியில்லாத் தவணை' என்று போன் விற்கும் கடையில், ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள். குறைத்தால், அந்தக் குறைப்புதான் ஒளிந்திருக்கும் வட்டி.

தொண்டி, பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்: இதெல்லாம் பள்ளியில் நடத்திப் பலன் உண்டா?

பாதி உண்டு. பிரேசிலில் 2010-11இல் சுமார் 900 அரசு உயர்நிலைப் பள்ளிகளில், ஏறக்குறைய 25,000 மாணவர்களை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். அறிவு கூடியது, சேமிப்பும் கூடியது. கூடவே, செலவு அதிகமான கடனில் பொருள் வாங்குவதும் கூடியது! கடன் எப்படிக் கிடைக்கும் என்று தெரிந்துகொண்ட அளவுக்கு அதன் விலை மனத்தில் தைக்கவில்லை போலிருக்கிறது. அதனால்தான் நான் வட்டியிலேயே நிற்கிறேன். அப்புறம், தேவை வரும் நேரத்தில் சொன்னால்தான் ஒட்டும். பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அதற்கு முன், பிளஸ் டூ ஆண்டிலேயே நடத்துங்கள்.

ஏர்வாடி, பிளஸ் டூ மாணவர்: வங்கிக் கணக்கையும் ஏடிஎம் கார்டையும் கொடுத்தால் மாதம் 5,000 தருவதாக ஒரு அண்ணன் சொல்கிறார். கொடுக்கலாமா சார்?

கூடாது தம்பி. மோசடிப் பணத்தைக் கைமாற்றத்தான் இப்படிக் கணக்கு வாங்குகிறார்கள். போலீஸ் முதலில் தேடி வருவது கணக்கில் பெயர் உள்ளவனை, அதாவது உன்னை. ஏற்கெனவே கொடுத்துவிட்டாய் என்றால் இன்றைக்கே வங்கிக்குப் போய்க் கணக்கை முடக்கச் சொல், சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் செய். வீட்டிலும் சொல்லிவிடு, திட்டினாலும் பரவாயில்லை.