தொட்டியின் சுவரைத் தேய்த்தீர்களா?

வாசகர் கேள்வி – பதில்

(இந்த இதழில் பதில் சொல்பவர், தென் மாவட்ட நகராட்சி ஒன்றில் 31 ஆண்டுகள் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.)

எங்கள் பகுதியில் பத்து நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வருகிறது. சிமெண்ட் தொட்டி, நான்கு டிரம், குடங்கள் என்று பிடித்து வைக்காமல் காலம் தள்ள முடியாது. வீட்டுக்கு வரும் மஸ்தூர்கள் (கொசு ஒழிப்புப் பணியாளர்கள்) கொசுப்புழு இருக்கிறது என்று தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். ஒவ்வொரு முறையும் தண்ணீரை மாற்றத்தான் செய்கிறோம். ஆனாலும் புழு வருகிறதே, ஐயா?
– வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

அம்மா, தண்ணீர் பிடித்து வைப்பது உங்கள் குற்றமில்லை. நாள்தோறும் குழாயில் தண்ணீர் வருகிற ஊரில் யாரும் ஆசைப்பட்டு டிரம் வாங்கி அடுக்குவதில்லை. பணிக்கு வந்த புதிதில், இரண்டு தெரு தள்ளிப் போய்ச் சுமந்து வந்த தண்ணீரை ஒரு பெண்ணின் கண் முன்னாலேயே நான் கவிழ்த்திருக்கிறேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மறுபடி நடந்தார். அதற்கப்புறம் எந்த வீட்டிலும் தண்ணீரைக் கொட்டச் சொல்லி எனக்கு வாய் வந்ததில்லை. வடிகட்டத்தான் சொன்னேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். தண்ணீரை மாற்றுகிறீர்கள், சரி. ஆனால் முட்டை இருப்பது தண்ணீரில் இல்லை. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான உள்சுவரில் ஒட்டினாற்போல் முட்டை இடும். கரிப்பொடி தூவியது மாதிரி இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. நீங்கள் தண்ணீரைக் கொட்டினாலும் அது சுவரிலேயே இருக்கும். மறுபடி நிரப்பி, தண்ணீர் அதைத் தொட்டதும் பொரிந்துவிடும். நம் ஊர் வெயிலில் ஏழிலிருந்து பத்து நாளில் இறக்கை முளைத்துப் பறக்கும்.

இதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். ஆனால் நம்ப வைத்தது ஒரு நீல டிரம். 2012-ல் திருநெல்வேலி மாவட்டத்தில் டெங்கு கடுமையாகப் பரவியபோது எங்களைப் போன்ற பலரைக் கடையநல்லூர்ப் பக்கம் அனுப்பினார்கள். ஒரு வீட்டில் அந்த டிரம்மில் புழு நெளிந்தது. ‘இது கோடையிலிருந்து மாட்டுக்கொட்டகையில் கவிழ்ந்து கிடந்தது, அஞ்சு நாளைக்கு முன்னாடிதான் எடுத்துத் தண்ணி பிடிச்சேன், மூடியைத் திறக்கவே இல்லை’ என்று அந்த வீட்டு ஆச்சி சத்தியம் செய்தார். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. ஏடிஸ் முட்டை ஈரமில்லாமல் ஆறு மாதத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். போன வருட மழையில் இட்ட முட்டை, காய்ந்த டிரம்மின் சுவரில் இந்த வருடத் தண்ணீருக்காகக் காத்திருந்திருக்கிறது.

ஆகவே தேய்க்க வேண்டும். தேங்காய் நாரோ பிளாஸ்டிக் பிரஷ்ஷோ எடுத்து, கொஞ்சம் பிளீச்சிங் பவுடர் போட்டு, உள்சுவர் முழுக்க அழுத்தித் தேயுங்கள். வழக்கமாகத் தண்ணீர் நிற்கும் கோட்டுக்கு மேலே ஒரு சாண், விளிம்பின் அடிப்பக்கம், மூடியின் உட்புறம், இந்த மூன்று இடமும்தான் எல்லோரும் விட்டுவிடுவது. கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாமல் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள்.

பத்து நாள் இடைவெளி என்பதுதான் உங்கள் சிக்கல், கொசுவுக்கு அது போதும். எனவே ஒரு டிரம்மை எப்போதும் காலியாகத் தேய்த்துக் காயவைத்திருங்கள். ஐந்தாவது நாள், நிறைந்த டிரம்மின் தண்ணீரைப் பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்துக் கட்டி அதில் வடித்து ஊற்றுங்கள். காலியானதைத் தேய்த்து அடுத்ததற்கு வையுங்கள். ஒரு சொட்டு வீணாகாது, புழு துணியில் தங்கிவிடும். அந்தத் துணியை வெயிலில் காயப் போடுங்கள். தொட்டியைத் துணியால் மூடுவதானால் இழுத்துக் கட்டுங்கள். தொய்ந்து தண்ணீரில் பட்டால் அந்த ஈரத் துணியே முட்டை இட இடமாகிவிடும்.

சிமெண்ட் தொட்டியை இப்படி மாற்ற முடியாது. அதற்கு மஸ்தூர் கொண்டு வரும், புழுவைக் கொல்லும் அபேட் மருந்தை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். குடிநீரிலேயே லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை அந்த மருந்தை உலக சுகாதார நிறுவனம் அனுமதித்திருக்கிறது. அளவை அவர்களே போடட்டும், நீங்களாக வாங்கிப் போட வேண்டாம்.

மாதம் இரண்டு முறை தெருவில் புகை அடிக்கிறார்கள். இரண்டே நாளில் கொசு திரும்பிவிடுகிறது. மருந்தில் கலப்படமா?
– வாசகர், கோவை

இல்லை தம்பி. புகை செய்யக்கூடியதே அவ்வளவுதான். அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கிற கொசு மேல் மருந்துத் துளி பட்டால் அது சாகும். தண்ணீரிலிருக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது, அது நாளைக்குப் பறக்கும். இன்னொன்று, ஏடிஸ் கொசு இருப்பது தெருவில் இல்லை, உங்கள் வீட்டுக்குள். கட்டிலடியில், பீரோவுக்குப் பின்னால், ஆணியில் மாட்டிய சட்டை மடிப்பில் உட்கார்ந்திருக்கும். வண்டிச் சத்தம் கேட்டதும் நாம் கதவு, ஜன்னலை அடைத்து அதைக் காப்பாற்றிவிடுகிறோம். சாப்பாட்டையும் தண்ணீரையும் மூடிவிட்டு, குழந்தைகளையும் ஆஸ்துமா உள்ளவர்களையும் வெளியே அழைத்துக்கொண்டு போய், அரை மணி நேரம் கதவைத் திறந்து வையுங்கள்.

புகை கண்ணுக்குத் தெரிகிறது, வேலை நடக்கிறது என்று மக்களுக்கும் திருப்தி. அதனாலேயே ‘எங்கள் வார்டுக்கு மெஷின் அனுப்புங்கள்’ என்று கேட்பார்கள். அதே ஆட்களை வீடு வீடாக அனுப்பித் தொட்டி பார்க்கச் சொன்னால் பல மடங்கு பலன் கிடைக்கும் என்று நான் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லியிருக்கிறேன். இப்போதும் அதைத்தான் சொல்வேன்.

எங்கள் வீட்டில் தொட்டி, டிரம் எதுவும் இல்லை. சம்ப்புக்கும் இறுக்கமான மூடி. ஆனால் இரவு எட்டு மணியானால் ஆயிரக்கணக்கில் கொசு. எங்கிருந்து வருகிறது?
– வாசகி, கும்பகோணம்

இரவு என்று சொன்னீர்களே, அதில் பாதிப் பதில் இருக்கிறது. பகலில், முக்கியமாகக் காலையிலும் சாயங்காலத்திலும் காலைக் கடிப்பது ஏடிஸ். உடம்பில் வெள்ளை வரி இருக்கும், பெரும்பாலும் நூறு, இருநூறு மீட்டர் தாண்டிப் பறக்காது. அது கடித்தால் உங்கள் வீட்டையோ பக்கத்து வீட்டையோ தேட வேண்டும். இரவில் காதோரம் ரீங்கரிப்பது பெரும்பாலும் கியூலெக்ஸ். அழுக்குத் தண்ணீரில் பிறப்பது, யானைக்கால் நோயைப் பரப்புவது. ஒரு கிலோமீட்டருக்கு மேலும் பறந்து வரும்.

உடனே போய் செப்டிக் டேங்க்கின் காற்றுக் குழாயை அண்ணாந்து பாருங்கள். வாய் திறந்திருக்கிறதா? அதன் வழியாகத்தான் வருகிறது. நைலான் கொசுவலையை இரண்டு மடிப்பாகப் போட்டுக் கம்பியால் கட்டுங்கள். வெயிலில் இற்றுப் போகும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். டேங்க் மேலே சிலாப் விரிசலைச் சிமெண்ட் வைத்துப் பூசுங்கள். மொத்தம் இருநூறு ரூபாய் வேலை. ஆனால் தெருவில் நான்கு வீடாவது சேர்ந்து செய்ய வேண்டும்.

தெர்மாகோல் மணி பற்றியும் சொல்கிறேன். திருக்கோவிலூர் வட்டாரக் கிராமங்களில், பயன்படாத கிணறுகளிலும் கழிவுநீர்க் குழிகளிலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள தெர்மாகோல் மணிகளைப் பரப்பி, மதுரை மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தினர் சோதித்தார்கள். தண்ணீர் முழுக்க மணி மிதந்தால் கொசுவால் முட்டை இட முடியாது, புழுவால் மேலே வந்து மூச்சு விட முடியாது. நல்ல பலன் கிடைத்தது. மழையில் நிரம்பி வழியாத, நான்கு பக்கமும் மூடிய குழிக்குத்தான் இது ஆகும். வழிந்தால் மணியெல்லாம் சாக்கடைக்குப் போய் வேறு தொல்லை.

மூன்று மாதக் குழந்தை இருக்கிறது. சுருள் ஏற்றலாமா, லிக்விட் வைக்கலாமா?
– வாசகி, சேலம்

சுருள் வேண்டவே வேண்டாம். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. மூடிய அறையில் பிஞ்சு நுரையீரலுக்கு அது எதற்கு? லிக்விடும் பிள்ளை படுக்கும் அறையில் இரவு முழுக்க வேண்டாம். கொசுவலை வாங்குங்கள். சதுர அங்குலத்துக்கு 156 கண் இருந்தால் போதும், கொசு நுழையாது, காற்று வரும். ஓரத்தைப் பாயின் அடியில் செருகுங்கள். பகலில் தூங்கும்போதும் வலைக்குள்ளேயே படுக்க வையுங்கள், இதைத்தான் வீடுகளில் மறந்துவிடுகிறார்கள்.

நொச்சிச் செடி வைத்தால் கொசு வராதா? செல்போன் ஆப் ஒன்று கொசுவை விரட்டும் என்கிறார்களே?
– வாசகர், சென்னை

நொச்சி நல்ல மூலிகை. இலையைப் புகைத்தால் கொஞ்ச நேரம் கொசு விலகும். செடி சும்மா நின்றால் ஒன்றும் விலகாது. வைப்பதானால் பூந்தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள், அதில் தேங்கும் தண்ணீரில் ஏடிஸ் பிறக்கும். ஆப், ஒலி எழுப்பும் கருவி இரண்டாலும் பயனில்லை, பல முறை சோதித்துப் பார்த்தாயிற்று.

கிணற்றில் கொசுப்புழு தின்னும் கம்பூசியா மீன் விடலாமா?
– வாசகர், செங்கல்பட்டு

மூடாத கிணறு என்றால் விடலாம். மலேரியா பரப்பும் அனாஃபிலஸ் ஸ்டீபன்சி, கிணற்றிலும் மொட்டைமாடித் தொட்டியிலும்தான் பிறக்கும். சென்னையின் மலேரியாவுக்கு அதுதான் காரணம். ஆனால் கம்பூசியா வட அமெரிக்க மீன். குளத்திலோ ஏரியிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள், நம் ஊர் மீன் குஞ்சையும் தவளை முட்டையையும் தின்று தீர்த்துவிடும். அதைவிட, கிணற்று வாய்க்கு நைலான் வலை அடித்து மூடுவதே எனக்குப் பிடித்த வழி.

மகனுக்கு டெங்கு உறுதியாகிவிட்டது. வீட்டில் மற்றவர்களுக்கு ஒட்டுமா? என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, மதுரை

தொட்டாலோ ஒரே தட்டில் சாப்பிட்டாலோ ஒட்டாது அம்மா. ஆனால் காய்ச்சல் அடிக்கும் நாட்களில் பிள்ளையின் ரத்தத்தில் கிருமி இருக்கும். அப்போது கடிக்கிற ஏடிஸ் கொசு, எட்டிலிருந்து பன்னிரண்டு நாளில் நோய் பரப்பத் தொடங்கி, சாகும்வரை பரப்பும். அதனால் பகல் முழுக்க அவனைக் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். இன்றைக்கே.

என் மகளுக்கு டெங்கு வந்தபோது நான் ஊரெல்லாம் தொட்டி பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுத் தொட்டியும் சுத்தம், டிரம்மும் சுத்தம். மூன்றாம் நாள் இரவு டார்ச்சோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடினேன். ஃபிரிட்ஜை நகர்த்தியபோது, பின்புறத் தட்டில் இரண்டு விரற்கடைத் தண்ணீர். வெளிச்சம் பட்டதும் அத்தனையும் நெளிந்து கீழே போயின. வாங்கியதிலிருந்து அந்தத் தட்டை யாரும் கழற்றியதே இல்லை. நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். அப்புறம் மணிபிளாண்ட் பாட்டில், கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல்லின் குழி, சிரட்டை, குருவிக்கு வைத்த தண்ணீர்க் கிண்ணம், பழைய டயர். டார்ச் அடித்துவிட்டு ஒரு நிமிடம் பொறுங்கள், கீழே போன புழு மூச்சு விட மேலே வரும்.

பிள்ளைக்குப் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். காய்ச்சல் விட்டதும் சரியாகிவிட்டது என்று இருந்துவிட வேண்டாம், அடுத்த ஒன்றிரண்டு நாள்தான் கவனமாகப் பார்க்க வேண்டிய நாள். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிட்டுச் சோர்ந்து போவது, இதில் எது தெரிந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.