டின் தீர்ந்த பிறகு அதே நிறம் திரும்பக் கிடைக்குமா? மரச்சாமான் பெயின்ட் கேள்வி-பதில்

பழைய மேஜைக்கும் அலமாரிக்கும் தாங்களே நிறம் கலந்து அடிக்க விரும்புகிறவர்களின் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கண் திட்டத்தில் கலந்த நிறத்தை இரண்டாவது முறை கலக்க முடியாது. அளந்து, எழுதி வைத்துக் கலந்த நிறம் எப்போது வேண்டுமானாலும் திரும்ப வரும்.

கேள்வி: சுவருக்கு அடித்தது போக ஒன்றரை லிட்டர் வெள்ளை எமல்ஷன் மீதி இருக்கிறது. அதில் ஸ்டெய்னர் (பெயின்டில் கலக்கும் நிறத் திரவம்) ஊற்றிக் கரும்பச்சை ஆக்கி, அலமாரிக்கு அடித்துவிடலாமா? புதிதாக வாங்குவது வீண் செலவாகத் தெரிகிறது.

வேண்டாம். இரண்டு காரணங்கள் இருக்கின்றன.

சுவர் எமல்ஷன் காய்ந்த பிறகும் ஓரளவு மென்மையாகவே இருக்கும். சுவருக்கு அது போதும். அலமாரிக் கதவு சட்டத்தோடு அழுந்தி நிற்கிற இடத்தில் பெயின்டும் பெயின்டும் ஒட்டிக்கொள்ளும், திறக்கும்போது தோல் உரிவதுபோல உரிந்து வரும். மரச்சாமானுக்கு, காய்ந்தால் கெட்டியாக இறுகும் எனாமல் பெயின்ட் வாங்குங்கள். தண்ணீரில் கலக்கும் எனாமல் வாடை குறைவானது, சீக்கிரம் காயும், வீட்டுக்குள் வேலை செய்ய வசதியானது.

இரண்டாவது காரணம் நிறத்தைப் பற்றியது. வெள்ளைப் பெயின்டில் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமி நிறையவே இருக்கும். அதில் எவ்வளவு பச்சை ஊற்றினாலும் வெளிர் பச்சைதான் வரும். விடாமல் ஊற்றிக்கொண்டே போனால் நிறம் ஆழமாவதற்கு முன்பே பெயின்ட் கெட்டுவிடும். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் பொதுவாக விற்கும் ஸ்டெய்னரில் எளிதில் காயாத திரவம் இருக்கிறது. அளவு மீறினால் பெயின்ட் இறுகாமல் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். உச்ச அளவு ஸ்டெய்னர் டப்பாவிலேயே போட்டிருக்கும், அதைத் தாண்டாதீர்கள். எதுவும் போட்டிருக்காவிட்டால் லிட்டருக்கு 40 மி.லி.யோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வெளிர் நிறங்களை வெள்ளை எனாமலும் ஸ்டெய்னரும் வாங்கி வீட்டிலேயே கலக்கலாம். கரும்பச்சை, கருநீலம், அடர் மெரூன் போன்றவற்றைக் கடையின் டின்டிங் மெஷினில் கலக்கச் சொல்லுங்கள். அங்கே அடர்நிறத்துக்கென்று வெள்ளை குறைந்த தனி பேஸ் (நிறமேற்றாத மூலப் பெயின்ட்) இருக்கும், நிறம் ஏற்றுவதற்காக டின்னில் இடமும் விட்டிருப்பார்கள். அந்த பேஸை நிறமேற்றாமல் வாங்கிவந்து வீட்டில் வெள்ளைப் பெயின்டாக அடித்தால் மரம் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருக்கும்.

கேள்வி: நாலு இழுப்பறை உள்ள மேஜைக்கு எவ்வளவு பெயின்ட் கலக்க வேண்டும்? பாதியில் தீர்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

அளந்து பாருங்கள். மேஜை 90 செ.மீ. உயரம், 100 செ.மீ. அகலம், 45 செ.மீ. ஆழம் என்று வைத்துக்கொள்வோம். முன்பக்கம் 0.9 ச.மீ., இரண்டு பக்கவாட்டும் சேர்த்து 0.81, மேல்பலகை 0.45. மொத்தம் 2.16 ச.மீ. கால்கள், இழுப்பறை ஓரங்கள், செதுக்கு வேலைக்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 2.6 வரும். இரண்டு கோட் (பூச்சு) அடிக்க 5.2 ச.மீ. நன்றாகத் தேய்த்து பிரைமர் (அடிப்பூச்சு) அடித்த பரப்பில் எனாமல் லிட்டருக்குச் சுமார் 10 ச.மீ. ஓடும் என்று வைத்துக் கணக்கிடலாம். அப்படியானால் 520 மி.லி. தேவை. பிரஷிலும் ரோலரிலும் தங்குவது, பின்னால் கீறல் விழுந்தால் தொட்டு அடிப்பது இரண்டுக்கும் சேர்த்து 700 மி.லி.யாக ஒரே தடவையில் கலந்துவிடுங்கள்.

பளிச்சென்ற மஞ்சளும் சிவப்பும் இந்தக் கணக்குக்குள் அடங்காது. அவை அடியில் உள்ளதைச் சரியாக மறைக்காது, மூன்று நாலு கோட் கேட்கும். பிரைமரிலேயே அந்த நிறத்தைக் கொஞ்சம் கலந்துவிட்டால் ஒரு கோட் மிச்சமாகும்.

கேள்வி: சாம்பல் படிந்த மாதிரி ஒரு மங்கிய பச்சை வேண்டும். வீட்டில் எப்படிக் கலப்பது? எத்தனை சொட்டு, எது முதலில், எல்லாம் விவரமாகச் சொல்லவும்.

ஒவ்வொரு கம்பெனி ஸ்டெய்னருக்கும் வீரியம் வேறு. அதனால் எண்ணிக்கையை நாங்கள் சொல்வதைவிட நீங்களே கண்டுபிடித்து எழுதிக்கொள்வதுதான் சரியாக வரும். வழியைச் சொல்கிறோம்.

வாங்க வேண்டியவை: தண்ணீர் எனாமல் வெள்ளை 1 லிட்டர், யெல்லோ ஆக்சைடு, பச்சை, ரெட் ஆக்சைடு என்று மூன்று ஸ்டெய்னர்கள், நிறத்துக்கு ஒன்றாக ஊசியில்லாத 1 மி.லி. சிரிஞ்சு, மில்லிலிட்டர் கோடு போட்ட கப், மேஜைக்கு அடித்த அதே பிரைமர் பூசிய நாலைந்து மரத்துண்டுகள். காகிதத்தில் சோதித்தால் அது ஈரத்தை உறிஞ்சி நிறத்தை மாற்றிக் காட்டும்.

வெள்ளை டின்னை அடிவரை கரண்டி விட்டுக் கிளறிய பிறகு 100 மி.லி. அளந்து எடுங்கள். முதலில் யெல்லோ ஆக்சைடு 0.5 மி.லி. விட்டு இரண்டு நிமிடம் கலக்குங்கள். பெயின்ட் வெளிர் சந்தன நிறத்துக்கு வரும். அதன் பிறகுதான் பச்சை. இங்கே அவசரப்படக் கூடாது. பச்சை, நீல ஸ்டெய்னர்கள் பெரும்பாலும் தாலோ என்ற வீரியமான நிறமி வகையைச் சேர்ந்தவை, ஒரு சொட்டு கூடிப்போனாலும் மொத்தத்தையும் விழுங்கிவிடும். அதனால் 0.1 மி.லி. வீதம் விடுங்கள். ஒவ்வொரு தடவையும் பாத்திரத்தின் ஓரத்தையும் அடியையும் வழித்துக் கலக்குங்கள். ஓரத்தில் ஒட்டிய ஸ்டெய்னர் பிறகு பிரஷில் மாட்டிக்கொண்டு மேஜையில் கோடாக இழுக்கும்.

இப்போது பச்சை பச்சையாக, கொஞ்சம் கூச்சலாகத் தெரியும். அதை அடக்கக் கறுப்பைத் தேடாதீர்கள். பச்சைக்கு எதிர் நிறம் சிவப்பு. ரெட் ஆக்சைடு 0.05 மி.லி. விட்டுப் பாருங்கள், கூச்சல் அடங்கிச் சாம்பல் ஏறும். கறுப்பு விட்டால் அழுக்குப் பச்சையாகிவிடும், அங்கிருந்து திரும்புவது கஷ்டம். நிறம் ஆழமாகிவிட்டதென்று தோன்றினால் வெள்ளை விட்டுச் சரி செய்யவும் முனையாதீர்கள். ஒரு சொட்டுத் தவறைத் தீர்க்கப் பாதி டின் வெள்ளை போய்விடும். அந்தச் சோதனையை ஒதுக்கிவிட்டுப் புதிய 100 மி.லி.யில் தொடங்குங்கள். 100 மி.லி.யில் கலக்கச் சொல்வதே தவறு சிறியதாக இருக்கட்டும் என்பதற்காகத்தான்.

ஒவ்வொரு படியிலும் ஒரு மரத்துண்டில் இரண்டு கோட் தடவி, அதன் பின்புறத்தில் சிரிஞ்சு கணக்கை எழுதுங்கள். ஈரத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தண்ணீர்ப் பெயின்டின் பிசின் ஈரமாக இருக்கும்போது பால்போல வெளுத்திருக்கும், காய்ந்தால் தெளிந்துவிடும். அதனால் காய்ந்த நிறம் ஈர நிறத்தைவிட ஒரு படி அடர்த்தியாக இருக்கும்.

தடவியதில் ஈரப் பளபளப்பு மங்கி, தொட்டால் லேசாக ஒட்டும் நேரத்தில் விரல் நுனியால் ஒரு காசு அளவு வட்டமாகத் தேய்த்துப் பாருங்கள். காய்ந்ததும் அந்த வட்டம் சுற்றியுள்ள இடத்தைவிட அடர்த்தியாகவோ வெளுப்பாகவோ தெரிந்தால் நிறமி சரியாகப் பரவவில்லை என்று அர்த்தம். அப்படியே மேஜையில் அடித்தால் பிரஷ் அடித்த இடம் ஒரு நிறம், ரோலர் ஓடிய இடம் ஒரு நிறம் என்று திட்டுத்திட்டாக வரும். இன்னும் ஐந்து நிமிடம் கலக்கி மறுபடி சோதியுங்கள். அப்போதும் வட்டம் தெரிந்தால் அந்த ஸ்டெய்னர் அந்தப் பெயின்டுக்கு ஒத்துவரவில்லை, வேறு வாங்குங்கள். ஒரு நிமிடச் சோதனைதான், தயவுசெய்து தவிர்க்காதீர்கள்.

பிடித்த துண்டைப் பகல் வெளிச்சத்திலும், மேஜை நிற்கப்போகும் இடத்தில் இரவு விளக்கிலும் நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். திருப்தி என்றால் கணக்கை 7 ஆல் பெருக்கி 700 மி.லி.க்குக் கலக்குங்கள். பெருக்கி வந்த ஸ்டெய்னரில் முதலில் 90 சதவீதம் மட்டும் விட்டு, காயவைத்துச் சோதனைத் துண்டோடு ஒப்பிட்டு, மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். கடைசியில் பழைய நைலான் துணியில் வடிகட்டிவிட்டால் கட்டி எதுவும் மேஜைக்குப் போகாது.

கேள்வி: வெள்ளையில் கறுப்பு கலந்து சாம்பல் நிறம் செய்தேன். கலக்கும்போது சரியாக இருந்தது. நாற்காலியில் அடித்த பிறகு நீலம் அடிக்கிறது. என்ன தவறு?

தவறு எதுவும் இல்லை. கறுப்பு ஸ்டெய்னரில் இருப்பது பெரும்பாலும் கார்பன் கறுப்பு. வெள்ளையில் கொஞ்சமாகக் கலந்தால் அது நீலச் சாயலைத்தான் காட்டும். மீதிப் பெயின்டில் 100 மி.லி. எடுத்து ரா அம்பர் (மண்பழுப்பு) ஸ்டெய்னரை 0.1 மி.லி. வீதம் விட்டுப் பாருங்கள். அது கிடைக்காவிட்டால் யெல்லோ ஆக்சைடு போதும். மஞ்சள் கூடிப் பச்சை தட்ட ஆரம்பித்தால் ரெட் ஆக்சைடு ஒரே ஒரு சொட்டு. நாற்காலியை 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் தூசி துடைத்து, அதன் மேலேயே ஒரு கோட் அடித்துவிடலாம்.

கேள்வி: பழைய அலமாரிக் கதவைக் கடைக்கு எடுத்துப்போய், மெஷினில் காட்டி அதே நிறத்தில் 1 லிட்டர் கலந்து வாங்கினேன். வீட்டில் அடித்தால் பொருந்தவில்லை. கலந்த பெயின்டைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார்கள். இது நியாயமா?

வாடிக்கையாளர் கேட்டபடி கலந்த பெயின்டை வேறு யாருக்கும் விற்க முடியாது என்பதால் கடைகள் பொதுவாகத் திரும்ப எடுப்பதில்லை. ஆனால் உங்களுக்குப் பிடிக்காமல் போவது வேறு, கடை தவறாகக் கலப்பது வேறு. டின் மூடியில் ஒட்டிய சீட்டில் பேஸின் பெயரும், நிறத்தின் குறியீடும், எந்த ஸ்டெய்னர் எவ்வளவு என்ற கணக்கும் பொதுவாக இருக்கும். நீங்கள் கேட்ட நிறத்தின் குறியீடும் சீட்டில் உள்ள குறியீடும் ஒத்துப்போகிறதா, டின்னில் அச்சான பேஸும் சீட்டில் உள்ள பேஸும் ஒன்றா என்று பாருங்கள். மாறியிருந்தால் பிழை கடையினுடையது, மாற்றித் தரும்படி உறுதியாகக் கேளுங்கள். அதற்குப் பில், சீட்டு, மீதிப் பெயின்ட் மூன்றும் கையில் இருக்க வேண்டும்.

சீட்டில் எல்லாம் சரி என்றால் காரணம் வேறாக இருக்கலாம். மெஷினின் கண் ஒரு சிறு வட்டத்தைத்தான் படிக்கிறது. அந்த இடத்தில் அழுக்கோ மெழுகோ கீறலோ இருந்தால் அதையும் நிறமாக எடுத்துக்கொள்ளும். கதவின் உட்பக்கத்தில் சோப்புத் தண்ணீரால் துடைத்த சமமான இடத்தைக் காட்டியிருக்க வேண்டும். பளபளப்பும் ஏமாற்றும். ஒரே நிறம் பளபளப்பான (கிளாஸ்) பெயின்டில் ஆழமாகவும் பளபளப்பில்லாத (மேட்) பெயின்டில் வெளுப்பாகவும் தெரியும். கடை விளக்கில் பொருந்தும் இரண்டு பெயின்ட், வெவ்வேறு நிறமிகளால் ஆனவையாக இருந்தால், வீட்டு விளக்கில் பிரிந்து தெரியும்.

அடுத்த முறை கிடைக்கிற மிகச் சிறிய டின்னில் முதலில் கலக்கச் சொல்லுங்கள். கடையை விட்டு வருமுன் ஒரு துளியை அந்தக் கதவின் மறைவான இடத்திலேயே தடவி, ஹேர் டிரையரில் உலர்த்தி, ஆறியதும் வாசலுக்கு எடுத்துப்போய்ப் பாருங்கள். மூடிச் சீட்டை அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள், பெயின்ட் வழிந்து எழுத்து அழிவது சகஜம். இப்போது கையில் இருக்கும் 1 லிட்டர் வீணாகாது. ஒரு கதவுக்கு மட்டும் அடிக்காமல் முழு அலமாரிக்கும் அடித்துவிட்டால் பொருத்தம் என்ற பிரச்சினையே இல்லை.

கேள்வி: ஆயில் எனாமலும் தண்ணீர் எனாமலும் கொஞ்சம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. இரண்டையும் சேர்க்கலாமா?

கூடாது. திரிந்த பால்போலக் கட்டிகட்டியாகும். ஒரே வகையாக இருந்தாலும் ஒரே கம்பெனி, ஒரே பளபளப்பு என்றால் மட்டும் சேருங்கள். நாலைந்து அரை டின்கள் ஒரே நிறத்தில் இருந்தாலும் எல்லாவற்றையும் ஒரு வாளியில் ஊற்றிக் கலந்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். டின்னுக்கு டின் மெல்லிய வித்தியாசம் இருக்கும், மேல்பலகையின் நடுவில் டின் மாறினால் அது தெரிந்துவிடும்.

கேள்வி: தந்த வெள்ளை கலந்து இரண்டு கோட் அடித்தேன். மறுநாள் அங்கங்கே மஞ்சள் கறை. மூன்றாவது கோட்டிலும் வருகிறது. ஸ்டெய்னர் மேலே மிதந்து வருகிறதா?

ஸ்டெய்னர் இல்லை, மரம். சில மரங்களில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் தண்ணீர்ப் பெயின்டின் ஈரத்தில் கரைந்து மேலே வரும். கணுக்கள் உள்ள இடத்தில் இன்னும் அதிகம். எத்தனை கோட் அடித்தாலும் அது கசிந்துகொண்டே இருக்கும். மேற்பரப்பை 220 உப்புத்தாளால் தேய்த்து, கறையை அடைக்கும் ஷெல்லாக் (அரக்கு) பிரைமர் ஒரு கோட் அடித்துக் காயவிடுங்கள். ஒரு நாள் பொறுத்து, கறை தலைகாட்டவில்லை என்று பார்த்த பிறகு உங்கள் தந்த வெள்ளையை அடியுங்கள்.

தேய்க்கும் முன் ஒன்று. மேஜை மிகப் பழையது, அடியில் பல காலத்துப் பெயின்ட் இருக்கிறது என்றால் அதில் ஈயம் இருக்கக்கூடும், பழைய பளிச் மஞ்சளிலும் ஆரஞ்சிலும் குறிப்பாக. உலர்வாகத் தேய்க்காமல் தண்ணீர் உப்புத்தாளால் ஈரமாகத் தேய்த்து, வழிந்ததைத் துணியில் ஒற்றி எடுத்துக் கட்டிப் போடுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த இடத்துக்கு வர வேண்டாம்.

கேள்வி: பத்து நாள் ஆகியும் இழுப்பறைகள் ஒட்டிக்கொள்கின்றன. பெயின்ட் மோசமா, கலந்ததில் கோளாறா?

தொட்டால் ஒட்டாத நிலை சில மணி நேரத்தில் வந்துவிடும், ஆனால் எனாமல் உள்வரை இறுக மூன்று நாலு வாரம் ஆகும். அதுவரை இழுப்பறைகளை வெளியே எடுத்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். மேலே கனமான எதையும் வைக்காதீர்கள். நாலு வாரம் கழித்தும் நகத்தால் அழுத்தினால் தடம் பதிகிறதா? அப்படியானால் ஸ்டெய்னர் அளவு மீறியிருக்கக்கூடும், முதல் கோட் காயும் முன் அடுத்ததை அடித்திருக்கவும் கூடும். அதன் மேல் வார்னிஷ் அடித்து மூடினால் உள்ளே இருப்பது இறுகாது, மேலே வெடிக்கும். சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மறுபடி அடிக்க வேண்டும். எழுதி வைத்த கணக்கு இருந்தால் ஸ்டெய்னரின் அளவைக் கூட்டிப் பாருங்கள். 700 மி.லி.யில் 28 மி.லி.யைத் தாண்டியிருந்தால் அந்த நிறத்தை வெள்ளையில் கலக்காமல் கடையில் அடர் பேஸில் கலந்து வாங்குங்கள்.