நாச்சி திரும்பி வந்த ஒன்றரைப் பக்கம்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பிலுவிலில் இருந்து எழுதுகிறேன். பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். உங்கள் நாவலை நானும் பதினொரு வயது மகளும் இரவுக்கு ஓர் அத்தியாயமாக வாசித்து முடித்தோம். கரண்ட் போன இரண்டு நாளும் டோர்ச் வெளிச்சத்தில். முதல் நாவல் என்று அட்டையில் போட்டிருக்காவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். ஊர்ப் பெண்கள் எல்லோரும் விசேஷத்துக்கு நாக்கைச் சுழற்றிப் போடுகிற குரவை ஒரே இரவில் காணாமல் போகிற இடத்தில் மகள் எழும்பி நின்று, தன்னுடையது இருக்கிறதா என்று ஒருக்கா குரவை போட்டுப் பார்த்தாள். கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்கில் கேட்டுப் பழகினவள், நன்றாகவே போடுவாள். பக்கத்து வீட்டு மாமி என்ன விசேஷம் என்று கேட்டு வந்துவிட்டார்.

ஆனால் சில குறைகள். பன்னிரண்டு வயது நாச்சி ஒரு துடுப்பை, எங்கட சவளை, மட்டும் எடுத்துக்கொண்டு தனியாக மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குத் தோணி விடுகிறாள். பூதத்திடம் இருந்து குரவையை மீட்கிறாள். தோணி ஓட்டையாகிவிட, ஆட்களை அக்கரை சேர்க்கிற மிதவையான பாதையில் ஏறி வீட்டுக்கு வருகிறாள். கடைசி ஒன்றரைப் பக்கத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. மகள் புத்தகத்தை மூடிவைத்து, "இவ்வளவு தூரம் போனவள் ஏன் திரும்பி வந்தவள்?" என்று கேட்டாள். எனக்கும் அதே கேள்விதான். ஆண்பிள்ளை கதாநாயகன் என்றால் ராச்சியம் கிடைக்கும். எங்கட பிள்ளைக்குக் குசினிதானா?

மற்றது, மார்கழி அடைமழையில் நாச்சி சவளைத் தண்ணீருக்குள் விட்டுப் பாடும் மீனின் பாட்டைக் கேட்கிறாள். மார்கழியில் எங்கே பாட்டு? இன்னொன்று, அந்தக் கரையில் பொருட்களின் பெயரை மாற்றிச் சொல்ல வேண்டும், ஓலைப் பெட்டியான கடகத்தைப் 'பெருவாயன்' என்று சொல்லாவிட்டால் பூதம் பறித்துவிடும் என்கிற விதி. அழகாக இருக்கிறது. ஆனால் இது நீங்கள் உண்டாக்கியதா, ஊரில் உள்ளதா? வகுப்பில் பிள்ளைகள் கேட்டால் நான் என்ன சொல்ல?

என் பெயரைப் போட வேண்டாம். கீழே மகளும் ஒரு வரி எழுதியிருக்கிறாள்.

"நாச்சின்ட நாக்குநீட்டி இப்ப எங்க?"

*

அன்புள்ள ரீச்சர்,

மார்கழி பிழை. என்னுடைய பிழைதான், அச்சகத்தில் சாட்ட முடியாது. மார்கழியில் ஆறு கலங்கிக் கரை தெரியாமல் ஏறி நிற்கும். (வாவி என்று எழுதுகிறோமே தவிர ஊரில் ஆர் அப்படிச் சொல்கிறார்கள்? ஆறுதான்.) வெள்ளம் வயலுக்குள் ஏறிவிட்டது, முகத்துவாரத்தை வெட்டிவிட வேண்டும் என்று ஊரில் பேச்சு நடக்கிற காலம் அது. பாட்டுக் கேட்பதென்றால் சித்திரைக்குப் பிறகு, மழைக்கு முதல், காற்று விழுந்த நிலவு நாளில். எனக்கு நாச்சியின் தோணி வெள்ளத்தில் அள்ளுண்டு போகவும் வேண்டியிருந்தது, அவளுக்குப் பாட்டுக் கேட்கவும் வேண்டியிருந்தது. இரண்டையும் ஒரே இரவில் திணித்துவிட்டேன். மாயக்கதைதானே என்று தப்பலாம். அது சரிவராது. பூதம் கதைக்கலாம், தோணி தானாகத் திரும்பலாம். மார்கழியில் ஆறு தெளிந்து கிடக்க ஏலாது. அடுத்த பதிப்பில் பாட்டு வேறு மாதத்துக்குப் போகும்.

நான் அந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறேனா என்று பலரும் எழுதிக் கேட்கிறார்கள். ஒரே ஒருக்கா கேட்டிருக்கிறேன். கல்லடியில் புதுப் பாலம் திறந்தது 2013இல். அதற்கு முதல், லொறியும் பஸ்ஸும் பழைய இரும்புப் பாலத்தால் போன காலம். மாமா ஒருவர் பாலத்துக்குக் கிட்டத் தோணியை நிறுத்தினார். சவளின் அகன்ற பக்கத்தைத் தண்ணீருக்குள் விட்டு, பிடியைக் காதுக்குக் கீழே தாடை எலும்போடு சேர்த்து அழுத்தச் சொன்னார். மரம் ஈரத்தில் வழுவழுத்தது. செதிள் மணம். முதலில் கேட்டது பாலத்தில் போன லொறி. அந்தக் கடகடப்பு தண்ணீரால் வந்து என் பல்லுக்குள் இறங்கியது. இதுவா பாட்டு என்று கேட்க வாயெடுத்தேன், மாமா கையைக் காட்டினார். லொறி போய்க் கன நேரத்துக்குப் பிறகுதான் அது வந்தது. ஒரு குரல் இல்லை. சின்னச் சின்னதாகப் பல குரல், சிலது மெலிந்து, சிலது அடித்தொண்டையில்.

1848இல் இங்கே வந்துபோன ஜேம்ஸ் எமர்சன் டென்னன்ட் என்கிற வெள்ளைக்காரர், வைன் கிண்ணத்தின் விளிம்பை ஈர விரலால் தேய்த்தால் எழும்புகிற அதிர்வு போல என்று எழுதிவைத்திருக்கிறார். அவர் வீட்டில் வைன் கிண்ணம் இருந்தது. எனக்கு அது, தூரத்தில் ஒரு கலியாண வீட்டில் பெண்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு குரவை போடுவது போலக் கேட்டது. ஏன் பொத்திக்கொண்டிருக்கிறார்கள், ஆர் பொத்தச் சொன்னது என்று தோணி கரைக்கு வரும் வரைக்கும் யோசித்தேன். நாவல் அங்கேதான் தொடங்கியது, எழுதப் பத்து வருஷத்துக்கு மேல் எடுத்தாலும்.

அதே டென்னன்ட்டிடம் எங்கள் மீனவர்கள், பாடுவது மீன் இல்லை, ஊரி என்கிற நத்தை என்று சொல்லியிருக்கிறார்கள். அறிவியல் என்ன சொன்னாலும் எனக்கு அந்த மீனவர்களின் பதில்தான் பிடித்தது. மீனுக்கு ஊர் முழுக்கச் சிலையும் சின்னமும் இருக்கிறது. சேற்றுக்குள் கிடக்கிற ஊரியை ஆர் பார்க்கிறார்கள்? அதனால்தான் நாவலில் நாச்சிக்கு வழி சொல்வது ஊரி.

பெருவாயன் நான் உண்டாக்கியது இல்லை. களவெட்டியில், அதுதான் நெற்களத்தில், சூடு மிதித்து நெல்லைப் பிரிக்கிற காலத்தில் பொருட்களை வழமையான பெயரால் சொல்லக் கூடாது. நெல் அங்கே பொலி. மாடு வாரிக்காலன். கடகம் பெருவாயன். உள்ள பெயரைச் சொன்னால் பூதத்துக்குக் கேட்டுவிடும், பொலியை அள்ளிக்கொண்டு போய்விடும் என்று பயம். அம்மாவின் அப்பா களத்துக்குள் என்னை வாயே திறக்க விடமாட்டார், நான் 'நெல்லு' என்று சொல்லிவிடுவேன் என்று. ஒரு சொல்லை மாற்றிச் சொன்னால் ஒரு போக விளைச்சல் தப்பும் என்று நம்பிய ஊரில் பிறந்த எனக்கு மந்திரக்கோல் எதற்கு? இப்போது வெட்டு மெசின் காலையில் இறங்கினால் பின்னேரம் மூட்டை கட்டியாகிவிடும். மெசினுக்கு நெல் என்றாலும் ஒன்றுதான், பொலி என்றாலும் ஒன்றுதான்.

ஆகவே வகுப்பில் தைரியமாகச் சொல்லுங்கள், ஊரில் உள்ளது என்று. வயல் செய்கிற வீட்டுப் பிள்ளைகள் இருந்தால் இன்னும் என்னென்ன சொல் இருக்கிறது என்று வீட்டில் கேட்டுவரச் சொல்லுங்கள், எனக்கும் அனுப்புங்கள். சவளுக்கு வைத்த 'நாக்குநீட்டி' மட்டும் என் சொந்தச் சரக்கு. களவெட்டியில் சவளுக்கு என்ன வேலை?

(இடையில் ஒன்று. கையெழுத்துப் பிரதியைப் பார்த்த ஒரு பதிப்பகத்தில், குரவை என்றால் எல்லோருக்கும் விளங்காது, தொலைந்துபோவது ஒரு மந்திரக் கல்லாக இருக்கலாமே என்றார்கள். குரவைக்குப் பதிலாகக் கல்லு. விடுங்கள்.)

இனி உங்கள் முதல் கேள்வி. இதால்தான் இரண்டு கிழமை பதில் எழுதாமல் இருந்தேன்.

முதலில் எழுதிய பதில் இப்படி இருந்தது. குசினிக்கு இல்லை ரீச்சர், நாச்சி திரும்புவது தன்னுடைய வீட்டுக்கு. எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார். மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் பின்வளவில் ஒரு கொட்டிலைப் போட்டுக்கொண்டு அடுத்தவளின் வீட்டுக்குக் கல் அரியத் தொடங்குவார்கள். தாய் எந்தக் குடியோ, எந்த வம்சமோ, பிள்ளையும் அந்தக் குடி. கோயிலிலும் அந்தக் கணக்கு உண்டு, முஸ்லிம் ஊர்களில் பள்ளிவாசலிலும் உண்டு. வீட்டை விட்டுப் புறப்பட்டு ராச்சியம் பிடிக்கிற கதை, வீடு கிடைக்காத ஆண்பிள்ளைகளுக்கு வசதியான கதை. சொந்த வீடு உள்ள நாச்சிக்கு ராச்சியம் எதற்கு?

எழுதி இரண்டு நாள் வைத்திருந்தேன். நல்ல கெட்டிக்காரப் பதில் என்று எனக்கே ஒரு பெருமை. மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தால் சாட்டு மணந்தது. அதில் உள்ளதெல்லாம் உண்மைதான், ஆனால் உங்கள் மகள் வீடு ஆருக்கு என்று கேட்கவில்லையே.

நாச்சியின் வயதில் நான் இருந்தது 90களில், யுத்த காலத்தில். ஆற்றின் இந்தக் கரை ஒருவர் கையில், அந்தக் கரை இன்னொருவர் கையில். மண்முனையில் பாலம் வந்தது 2014இல்தான். அதற்கு முதல் பாதையில் ஏறித்தான் கொக்கட்டிச்சோலைக்குப் போக வேண்டும். பெரியம்மா அந்தக் கரையில் இருந்தார். போக முடிந்த வருஷங்களில் தான்தோன்றீஸ்வரர் தேருக்குப் போவோம். அம்மா என்னை விரலில் பிடிக்க மாட்டார், மணிக்கட்டில் பிடிப்பார். பாதை கரையை விட்டு விலக விலகப் பிடி இறுகும். அங்கே இறங்கினாலும் தளராது. தேரிலும் தளராது, பெரியம்மா வீட்டுச் சாப்பாட்டிலும் தளராது, நான் இடக்கையால் தண்ணீர் குடித்தேன். பின்னேரம் திரும்பி எங்கள் கரையில் கால் வைத்த பிறகுதான் கையை விடுவார். விட்டுவிட்டுத் தன் உள்ளங்கையைச் சேலைத் தலைப்பால் துடைப்பார். என் மணிக்கட்டில் நாலு விரல் அடையாளம் இரவு வரைக்கும் கிடக்கும்.

எங்கள் ஒழுங்கையில் இருந்து போன பிள்ளைகள் எல்லோரும் திரும்பவில்லை. பெண்பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். ஒருத்தி என் வகுப்பு. அதற்கு மேல் இங்கே எழுத விருப்பமில்லை.

பூதத்தை எழுத எனக்குக் கஷ்டமே இருக்கவில்லை, ரீச்சர். பேசுகிற ஊரியை ஒரே இருப்பில் எழுதினேன். தனியாக அந்தக் கரைக்குப் போன பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை அடுத்த நாள் வெள்ளாப்பில் முழுசாகத் திரும்பி வருகிறாள் என்று எழுதத்தான் கை வரவில்லை. எனக்கே நம்ப ஏலவில்லை. ஆரும் வந்து பறிக்க முதல் அவளைக் கொண்டுவந்து வீட்டுக்குள் போட்டுக் கதவைச் சாத்த வேணும் என்று அவதிப்பட்டு எழுதினேன். அதுதான் ஒன்றரைப் பக்கம். நாச்சி எங்கே திரும்பினாள்? நான்தான் மணிக்கட்டில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். உங்கள் மகள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். அவளுக்குப் படுவான்கரை என்பது மோட்டார்சைக்கிளில் அப்பாவுக்குப் பின்னால் இருந்து பாலத்தால் போகிற இடம். ஒரு பிள்ளை அங்கே போய்விட்டு வருவது அவளுக்கு ஒரு அதிசயமாகவே படவில்லை, பிறகு ஏன் அதில் கதையை முடிக்கிறார்கள் என்று கேட்கிறாள். கேட்கட்டும்.

முடிவை மாற்றப்போவதில்லை. நாச்சி வருவாள், ஆனால் தன் காலால் வருவாள், ஆறுதலாக வருவாள். பாதை இந்தக் கரைக்கு வந்து சேர்கிற நேரம் முழுவதையும் எழுதப்போகிறேன். கூடவே பால் கான் கட்டிய சைக்கிள்கள், தயிர் முட்டிகள், ஒரு ஆடு. அவள் என்ன கொண்டுவருகிறாள் என்று பாதையில் ஒருவருக்கும் தெரியாது. ஓரத்தில் நின்று காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு வருவாள். முதல் பதிப்பில் அம்மா அவளைக் கட்டிப்பிடித்து அழுகிறார். எந்த ஊர் அம்மா அது? இரவு முழுக்கத் தேடிவிட்டு வாசலில் நிற்கிற அம்மா முதலில் ஒரு அறை விடுவார். "எங்கடி போனனீ?" என்று கேட்க வாய் திறப்பார், குரவை வந்துவிடும். அதை அடக்கவும் தெரியாமல் அறைந்த கையை எடுக்கவும் தெரியாமல் அவர் நிற்கிற இடத்தை நேற்று எழுதினேன். ஒரு பக்கம் வந்திருக்கிறது, இன்னும் அவர் அங்கேதான் நிற்கிறார்.

இனி மகளுக்கு.

மனே, நீங்க கேக்கும் மட்டும் எனக்கும் அது ஞாபகமில்ல. புத்தகத்தப் புரட்டிப் பாத்தன். பாதையில ஏறக்குள்ள நாச்சிட கையில ஒண்டும் இல்ல. அப்ப நாக்குநீட்டி அந்தக் கரையிலதான் கிடக்கு, துறைக்கு அங்கால, கவுத்துப்போட்ட தோணிக்குக் கீழ. சவளும் தோணியும் அப்பாட. ரெண்டையும் விட்டுட்டு வந்தத நாச்சி இன்னும் வீட்டில சொல்லல்ல.