லுவார் ஆற்றங்கரை அரண்மனைகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பாரிசில் படிக்கும் மகளைப் பார்க்க வரும் செப்டம்பரில் செல்கிறோம். லுவார் பள்ளத்தாக்கு அரண்மனைகளுக்கென்று மூன்று நாட்கள் ஒதுக்கியிருக்கிறோம். எவற்றைப் பார்க்கலாம், எவற்றை விட்டுவிடலாம்? – வாசகி, புதுச்சேரி

பதில்: நான்குக்கு மேல் வேண்டாம். ஒரே நாளில் மூன்று அரண்மனைகளைக் காட்டிவிடுவதாகச் சொல்லும் சுற்றுலாப் பேருந்துகள் உண்டு. ஆனால், மூன்றாவதில் நுழையும்போது எந்தக் கட்டிலில் எந்த அரசி படுத்தாள் என்பதே குழம்பிவிடும். பாரிசின் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் சுமார் ஒன்றேகால் மணி நேரத்தில் தூர் நகரை அடையலாம். அங்கேயே அறை எடுத்துத் தங்கிக்கொண்டு முதல் நாள் ஷெனோன்ஸோ, இரண்டாம் நாள் வில்லாந்திரி, மூன்றாம் நாள் புளுவா நகர் வழியாக ஷாம்போர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூருக்கும் புளுவாவுக்கும் இடையே ரயில் பாதையிலேயே அம்புவாஸ் இருப்பதால், திரும்பும் வழியில் நேரமிருந்தால் அங்கே இறங்கிக்கொள்ளலாம்.

இவற்றுள் ஒன்றை மட்டுமே பார்க்க முடியும் என்றால் நான் ஷெனோன்ஸோவைத்தான் சொல்வேன். லுவாரின் துணையாறான ஷேரின் மீது, பாலத்தின் மேலேயே எழுந்து நிற்கும் அரண்மனை அது. மன்னர் இரண்டாம் ஆன்றி இதைத் தம் காதலி தியான் தெ புவாத்தியேவுக்குக் கொடுத்தார். ஆற்றைக் கடக்கும் பாலத்தைக் கட்டியவர் தியான். 1559ஆம் ஆண்டு ஈட்டிப் போட்டியில் காயமுற்று மன்னர் இறந்ததும், பட்டத்தரசி கத்தரீன் தெ மெடிசி தியானிடமிருந்து ஷெனோன்ஸோவை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஷோமோன் அரண்மனையைக் கொடுத்து அனுப்பினார். அதோடு நில்லாமல், அந்தப் பாலத்தின் மேலேயே 60 மீட்டர் நீளமுள்ள நடன மண்டபத்தையும் எழுப்பினார். இருவர் பெயரிலும் அமைந்த தோட்டங்கள் இன்றும் அரண்மனைக்கு இருபுறமும் இருக்கின்றன. தியானின் தோட்டமே பெரியது என்பதைக் கத்தரீன் எப்படிப் பொறுத்துக்கொண்டாரோ தெரியவில்லை. முதல் உலகப் போரின்போது அந்த மண்டபம் மருத்துவமனையாக மாறி, காயம்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களுக்கு அங்கே சிகிச்சை அளிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பிடித்த பகுதிக்கும் பிடிக்காத பகுதிக்கும் ஷேர் ஆறே எல்லையாக இருந்தது. மண்டபத்தின் தென்கோடிக் கதவைத் திறந்தால் மறுகரை என்பதால், அதன் வழியே பலர் தப்பிச் சென்றார்கள். அந்தக் கதவருகே சற்று நின்றுவிட்டு வாருங்கள்.

கேள்வி: ஷாம்போர் அரண்மனையில் அதைக் கட்டிய மன்னரே அதிகம் தங்கவில்லையாமே? பிறகு எதற்கு அத்தனை பெரிய கட்டடம்? – வாசகர், திருச்சி

பதில்: உண்மைதான். 1519இல் வேலையைத் தொடங்கிய முதலாம் பிரான்சுவா 32 ஆண்டுகள் அரசாண்டார். அவர் அங்கே இருந்த நாட்களை எல்லாம் கூட்டினாலும் இரண்டரை மாதத்தைத் தாண்டாது. வேட்டைக்கு வந்து போகவும், வெளிநாட்டு அரசர்களை வாய்பிளக்க வைக்கவும் எழுப்பிய கட்டடம் அது. அரசவையே ஊர் ஊராக நகர்ந்துகொண்டிருந்த காலம் என்பதால் கட்டில், திரைச்சீலை, பாத்திரங்கள் வரை மன்னரோடு வண்டியில் வந்து, அவரோடே கிளம்பிவிடும். பின்னாளில் சேர்ந்த சாமான்களும் பிரெஞ்சுப் புரட்சியின்போது விற்கப்பட்டுவிட்டன. எனவே பல அறைகள் வெறுமையாகத் தோன்றினால் ஏமாற்றம் கொள்ள வேண்டாம். நடுவிலுள்ள இரட்டைச் சுருள் படிக்கட்டில் நீங்கள் ஒரு வழியிலும் மகள் மறுவழியிலும் ஏறிப் பாருங்கள்: இடையிலுள்ள திறப்புகள் வழியே ஒருவரையொருவர் பார்க்கலாம், ஆனால் உச்சிவரை சந்திக்க முடியாது. மேலே, புகைபோக்கிகளும் சிறு கோபுரங்களும் நெருங்கி நிற்கும் மொட்டைமாடிக்குக் கட்டாயம் செல்லுங்கள்.

கேள்வி: வில்லாந்திரித் தோட்டம் ஐந்நூறு ஆண்டுகள் பழமையானது என்று ஒரு நண்பர் சொல்கிறார். அவ்வளவு காலம் ஒரு தோட்டம் அப்படியே இருக்குமா? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இருக்காது. அரண்மனைதான் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முதலாம் பிரான்சுவாவின் நிதி அதிகாரி ஜான் லெ பிரெத்தோன் கட்டியது. அக்காலத் தோட்டத்தை 19ஆம் நூற்றாண்டில் அழித்து, ஆங்கிலேயப் பாணியில் மரங்கள் நிறைந்த பூங்காவாக்கிவிட்டார்கள். 1906இல் இதை வாங்கிய ஹோவாக்கிம் கார்வாயோ, ஸ்பெயினில் பிறந்த மருத்துவ ஆய்வாளர். ஆய்வுக்கூடத்தை விட்டுவிட்டு, அமெரிக்கரான தம் மனைவி ஆன் கோல்மனுடன் இங்கே குடியேறி, பழைய தடயங்களையும் நூல்களையும் துணைகொண்டு இத்தோட்டத்தை மறுபடி உருவாக்கினார். ஆகவே இன்று நாம் காண்பது நூறாண்டுக்குச் சற்றே கூடுதலான வயதுடைய மறு உருவாக்கம். அதனால் அதன் மதிப்பு குறைந்துவிடுவதாக நான் நினைக்கவில்லை.

மற்றவர்கள் பூந்தோட்டத்தைப் புகழ்வார்கள். நான் காய்கறித் தோட்டத்தைச் சொல்வேன். சம அளவுள்ள ஒன்பது சதுரங்கள், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு வடிவம், சுற்றிலும் குட்டையாகக் கத்தரித்த செடிவேலி. வண்ணம் தருபவை பூக்கள் அல்ல, இலைகள்: நீலம் பாய்ந்த லீக், கருஞ்சிவப்புப் பீட்ரூட், இளம்பச்சையில் கேரட் தழை. ஒரே குடும்பத்துக் காய்கள் மண்ணைச் சலிக்க வைத்துவிடும் என்பதால், வசந்தத்தில் ஒன்றும் கோடையில் ஒன்றுமாக ஆண்டுக்கு இருமுறை நடும்போது இடம் மாற்றி நடுகிறார்கள். தோட்டத்திலுள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட லிண்டன் மரங்களைக் கத்தரித்து முடிக்கக் குளிர்காலம் முழுவதும் பிடிக்கும். செப்டம்பரில் சென்றால் பூசணிகளும் முற்றியிருக்கும். கீழே நடப்பதற்கு முன் பழைய கோபுரத்தின் மேல் ஏறிப் பார்த்தால்தான் வடிவங்கள் புலப்படும்.

கேள்வி: லியொனார்டோ டா வின்சியின் சமாதி இத்தாலியில் இல்லையா? – வாசகி, மதுரை

பதில்: இல்லை, அம்புவாஸில் இருக்கிறது. 1516இல் பிரான்சுவாவின் அழைப்பை ஏற்று வந்தவர், 1519 மே 2 அன்று அங்குள்ள குளோ லூசே மாளிகையில் காலமானார். அவரை முதலில் அடக்கம் செய்த தேவாலயம் பின்னர் இடிக்கப்பட்டது. 1863இல் அகழ்ந்தபோது கிடைத்த எலும்புகள் அவருடையவையாக இருக்கலாம் என்ற கணிப்பில்தான், அம்புவாஸ் அரண்மனை வளாகத்தின் சிறு வழிபாட்டுக்கூடத்தில் அவற்றை வைத்திருக்கிறார்கள். அரண்மனை நுழைவுச்சீட்டே அதற்கும் போதும். சற்றுத் தொலைவில், நடந்தே போய்விடக்கூடிய குளோ லூசேவுக்குத் தனிச்சீட்டு வாங்க வேண்டும்.